சிவராஜ் சரிசெய்த வரிசை

கோலார் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் சிவராஜைத் தெரியாதவர்கள் குறைவு. யார் வீட்டில் பிரிண்டர் மாட்டிக்கொண்டாலும், யாருடைய ஆதாரில் பெயர் தப்பாக வந்தாலும், எந்தப் பெரியவர் பென்ஷனுக்காக உயிர்ச்சான்று அனுப்ப வேண்டியிருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை பெங்களூரில். விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் கூட்டத்தில் அவனும் ஒருவன். அப்பாவுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தை மூடியபோது சிவராஜ் பள்ளிக்கூடப் பையன். டிப்ளமோவுக்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. ஒரு சின்ன கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருந்தான்.

ஆபீஸில் அவன் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் நடந்தால் மட்டும், "இன்னா இன்ஜினியர், டீ சாப்டறியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அவன் இன்ஜினியர் இல்லை. ஆனால் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் துளசிராமன்தான் அவர்கள் சமூகச் சங்கத்துக்குச் செயலாளர். கடையின் மாடியில் சங்கத்தின் திருமணத் தகவல் மையம் நடந்தது. வரன் தேடுகிறவர்கள் விவரமும் படமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் ஃபைலில் கிடந்ததை மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் சிவராஜ். மையத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது அமலா. கணவரை இழந்தவள், கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்தி. யாராவது வரன் கேட்டால் அமலா அந்தப் பெயரைத் தேடி ஒரு பட்டனை அழுத்துவாள். படமும் விவரமும் சேர்ந்து ஒரே அட்டையாகத் தயாராகி வாட்ஸ்அப்பில் போய்விடும். பதிந்தவர்கள் தங்கள் ஃபோனிலும் பட்டியலைத் திறந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு பெயரும் உள்ளே போகும்போது கம்ப்யூட்டர் தானாக ஒரு எண் கொடுக்கும். முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்த ஆளுக்கு இரண்டு, அப்படியே போகும். ஒருவரை நீக்கினால் அந்த எண்ணும் அவரோடு போய்விடும், வேறு யாருக்கும் வராது. கல்யாணம் முடிந்த பெண்களை அமலா ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்ததால் நடுநடுவே எண்கள் விட்டுப்போயிருந்தன. அதில் ஒரு கெடுதலும் இல்லை. அந்த எண் மனிதர்கள் பார்த்து ரசிப்பதற்கானது இல்லை. இந்தப் பெயருக்கு இந்தப் படம், இந்த ஜாதகம் என்று கம்ப்யூட்டர் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்வதற்கு மட்டும்தான்.

துளசிராமனுக்கு அது உறுத்தியது. சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வரன்களைப் புத்தகமாக அச்சடித்து மேடையில் வெளியிட ஏற்பாடு.

"இன்னா சிவராஜு, நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்தாறுன்னு வருது? நடுவுல கீற பொண்ணுங்க எங்கன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? ஒண்ணுலருந்து வரிசையா வர்ற மாதிரி பண்ணிக் குடு."

"அண்ணா, அந்த நம்பர்ல கை வைக்கக் கூடாதுண்ணா. புத்தகத்துக்கு வேணும்னா தனியா ஒரு வரிசை நம்பர் போட்டுத் தரேன்."

"புத்தகத்துல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணா? ஜனம் குழம்பிப் போயிடும். ஒன்னால முடியலைன்னா சொல்லுப்பா. ராபர்ட்சன்பேட்டையில ஒரு பையன் கீறானாம், பத்து நிமிஷ வேலைன்றான்."

சிவராஜ் சொன்னது சரிதான். ஆபீஸில் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கடையில் அப்போது வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முடியாது என்று ஒப்புக்கொண்டு படியிறங்க அவனுக்கு மனம் வரவில்லை. "முடியாதுன்னு யாருண்ணா சொன்னது?" என்றபடி மாடிக்குப் போனான்.

பெண்கள் பட்டியலின் எண்களை ஒன்றிலிருந்து வரிசையாக மாற்றினான். ஜாதகம் இருக்கும் பட்டியலிலும் ஃபோன் நம்பர் இருக்கும் பட்டியலிலும் அதற்கேற்ப மாற்றினான். படங்கள் மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் பழைய எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு கிடந்தன. அப்படி வைத்ததே அவன்தான். மூன்று வருடத்தில் மறந்திருந்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் நீக்கப்படாததால் அவர்கள் எண் மாறவே இல்லை. அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை. துளசிராமன் தோளைத் தட்டி, "இதுக்குத்தான் நம்ம பையன் வேணும்ன்றது" என்றார். எல்லார் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார்.

அந்த வாரத்தின் நடுவில் அமலா ஃபோன் செய்தாள். அவன் ரயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு போட்டோ மாறி வந்த மாதிரி கீது. நான் சரியா பார்க்கலியோ இன்னாவோ. கொஞ்சம் பாக்கறியா?"

"நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும்கா. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மமதாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மமதா சுரங்கக் குடியிருப்பில் அடுத்த லைனில் இருக்கும் ராஜப்பாவின் மகள். ராஜப்பாவும் சிவராஜின் அப்பாவும் ஒரே ஷிப்டில் கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர்கள். மமதா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது தாண்டிவிட்டது. அவளுக்கு நெற்றியிலும் வாயோரத்திலும் கைகளிலும் வெண்புள்ளி. மையத்துக்குப் படம் எடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் பவுடர் போட்டு மறைத்துவிடலாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. "பாத்துட்டு வர்றவங்க வரட்டும்" என்று முகம் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். விவரத்திலும் அதை எழுதச் சொன்னாள். அமலாதான், "படத்துலயே தெரியுதே, எழுத்துல வேற எதுக்கும்மா" என்று விட்டுவிட்டாள். இரண்டு வருடங்களாக யாரும் வரவில்லை. இப்போது குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், அந்த வாரம் அமலா அனுப்பிய அட்டையைப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தது.

பிடித்திருக்கிறது என்ற அந்த வார்த்தைக்காக ராஜப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அக்கம்பக்கத்தில் நாற்காலி வாங்கிப் போட்டார். "நீ வந்து பக்கத்துல குந்து சிவராஜு. படிச்சவன் ஒருத்தன் கூட இருந்தா எனக்கு தெம்பா இருக்கும்" என்று வீடு தேடி வந்து கூப்பிட்டார். சிவராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாப்பிள்ளை மனோகர், அவன் அம்மா ராஜம், கூட ஐந்தாறு உறவினர்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. ராஜத்தின் பாட்டி வீட்டு ஊரும் ராஜப்பாவின் பூர்வீக ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று தெரிந்ததும் சிரிப்பெல்லாம் வந்தது. பிறகு மமதா காபித் தட்டோடு வந்தாள்.

ராஜம் அவளைப் பார்த்தார். தட்டிலிருந்து டம்ளரை எடுக்கவில்லை.

"இது யாரு? பொண்ணைக் கூப்பிடுங்க."

"இதான் பொண்ணு" என்றார் ராஜப்பா.

ராஜம் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அட்டையைக் காட்டினார். மமதாவின் பெயர், அவள் படிப்பு, அவள் வீட்டு முகவரி. மேலே சிரித்துக்கொண்டிருந்தது வேறொரு பெண்.

ராஜப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இது மைசூர் மைன்ஸ் ஏரியா ராதிகாவாச்சே. இதுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆயிடுச்சே…"

"ஓகோ! அடுத்தவன் பொண்டாட்டி போட்டோவைப் போட்டு எங்களை இம்மாந்தூரம் வரவழைச்சியா? இந்தத் தேமலை மறைக்கத்தானே இத்தனை வேலையும்?"

"அம்மா, சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எம்பொண்ணு அவ போட்டோவைத்தான் குடுத்தா…"

"அவ போட்டோவைக் குடுத்தா, இது எப்படி வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா?"

ஃபோனைப் பார்த்த கணமே சிவராஜுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எண்களை மாற்றியபோது படங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ராதிகாவை நீக்கியும் அவள் படம் ஃபோல்டரில் கிடந்திருக்கிறது. அவளுடைய பழைய எண் இப்போது மமதாவுக்கு வந்திருக்கிறது. ஒரு வாக்கியம் போதும்: "அம்மா, தப்பு என்னோடது, இவங்க ஏமாத்தலை." ராஜத்தின் கோபம் தன் பக்கம் திரும்பும், வாசலில் கூடிவிட்ட லைன்காரர்கள் எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது அவன் தலை தானாகக் குனிந்துகொண்டது. மமதா தட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். மனோகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராஜப்பா வேன் வரைக்கும் பின்னாலேயே கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். சுரங்கத்தில் முப்பது வருடம் யாரிடமும் கை கூப்பாத மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

மறுநாள் சாயங்காலம் மையத்தில் துளசிராமன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது சிவராஜ் படியேறினான். அவர் எதிரே அமலா நின்றிருந்தாள்.

"கண்ணை எங்க வெச்சிகினு அனுப்பின? பேரு எங்க, படம் எங்கன்னு பார்க்க வேணாமா? ஊரே காறித் துப்புது!"

"சார், நான் போன வாரமே சிவராஜ் தம்பிக்கு ஃபோன்…"

"அவன் எதுக்கு? படம் ஏத்தறது நீ, அனுப்பறது நீ. இன்னா சிவராஜு, மிஷின்ல எதுனா கோளாறா?"

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். "சிஸ்டத்துல ஏதோ மாறியிருக்குண்ணா. பார்க்கணும்" என்றான் அவன். பொய்யென்று சொல்ல முடியாத ஒரு பதில்.

அமலா இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "நாளையிலருந்து நான் வரலை சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். துளசிராமன் தடுக்கவில்லை. சிவராஜ் பழைய நகலிலிருந்து எண்களைத் திரும்பக் கொண்டுவந்தான். எல்லாப் படங்களும் தத்தம் பெயரோடு போய்ச் சேர்ந்தன. இந்த முறை கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் ராஜப்பா வீட்டு வழியாகப் போகாமல், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று மனைவி ரூபா கேட்டதற்கு ஆபீஸ் தொந்தரவு என்றான். லைனில் எல்லார் வாயிலும் இரண்டே பேச்சுதான். ராஜப்பா பெண்ணைத் தள்ளிவிடத் திருட்டுப் படம் கொடுத்தார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அமலா காசு வாங்கிக்கொண்டு படத்தை மாற்றினாள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டையும் அவன் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தான். ஒரு பெரியவர் அவனிடமே, "நீ செஞ்ச நல்ல காரியத்தை அந்தப் பொம்பளை கெடுத்துட்டா பாரு" என்றபோது, அவன் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்டான். தன் மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை உகாதி லீவு. மமதாவே வீட்டுக்கு வந்தாள். ரூபா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னிக்கி அவங்க போனப்புறம் நான் மையத்து பக்கத்தை ஃபோன்ல திறந்து பார்த்தேண்ணா. என் படம் வேற ஒரு பொண்ணு பேர்ல இருந்தது. அந்தப் பொண்ணு படம் இன்னொருத்தி பேர்ல. முதல் பக்கம் மட்டும் கரெக்ட்டு, அப்புறம் போகப் போக எல்லாமே தள்ளித் தள்ளிப் போயிருந்தது. அமலாக்கா கை தவறியிருந்தா ஒரு படம்தானே மாறணும்?"

சிவராஜ் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"புத்தகத்துக்காக நீங்க நம்பரை வரிசையாக்கினீங்கன்னு கடையில சொன்னாங்க. அதனாலதானா?"

"ஆமா" என்றான். மறுபடியும், "ஆமாம்மா, நான்தான்" என்றான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரூபாவின் கை நின்றது.

மமதா அழவில்லை, திட்டவும் இல்லை. "எப்போ தெரிஞ்சுது?"

இதற்குப் பதில் சொல்வதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. "அவங்க ஃபோனைக் காட்டினப்பவே."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஸாரி எல்லாம் சொல்லாதீங்க. எங்க நைனாகிட்ட சொல்லுங்க. அப்புறம் குடியாத்தம் போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்கு அந்த இடம் வேணாம். நாங்க ஏமாத்துக்காரங்க இல்லைன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்."

அவள் போன பிறகு ரூபா வெளியே வந்தாள். "பக்கத்துல உக்காந்து பாத்துகினுதான் இருந்தியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ராஜப்பாவிடம் அன்று சாயங்காலமே போனான். கம்ப்யூட்டர், எண், ஃபோல்டர் என்று ஆரம்பித்தவனை அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேணாம்பா. தப்பு யாருக்கும் நடக்கும். சுரங்கத்து லெவல்ல நானே ஒருத்தன் கால் மேல தள்ளுவண்டியை ஏத்திகீறேன். ஆனா நீ என் பக்கத்துல குந்திகினு இருந்தியே… நான் சத்தியம் பண்ணிகினு கீறேன், நீ பாத்துகினு கீறே. ஒரு வார்த்த சொல்லலியே சிவராஜு."

"பயந்துட்டேன் மாமா."

"யாருக்கு? அந்தப் பொம்பளைக்கா?"

ஒரு பொம்பளைக்குப் பயந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. இன்ஜினியர் என்ற பட்டம் போய்விடுமே என்றுதான் பயந்தான். இல்லாத பட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ராஜப்பாவும் கூட வர, இருவரும் வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தத்துக்கு பஸ் ஏறினார்கள். ராஜப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியபோதும் அவன் பக்கம் திரும்பவில்லை. டிக்கெட்டை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். தனக்கும் சேர்த்து வாங்க வந்த சிவராஜை அவர் விடவில்லை.

ராஜம் வாசலிலேயே நின்றுகொண்டார். "இன்னா திரும்பவும்?"

சிவராஜ் வழியெல்லாம் பேசிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் மறந்துபோயின. "அம்மா, மையத்து கம்ப்யூட்டர்ல எல்லார் நம்பரையும் மாத்தினவன் நான். அதுல படம் எல்லாம் மாறிப்போச்சு. இவங்க குடுத்தது அவங்க பொண்ணு படம்தான். இதோ பாருங்க." மமதா கொடுத்திருந்த படத்தை நீட்டினான். நெற்றியிலும் வாயோரத்திலும் வெண்புள்ளி அப்படியே தெரிந்தது. "அன்னிக்கே எனக்குத் தெரியும். அங்க உட்கார்ந்துகினு வாய மூடிகினு இருந்தேன். நீங்க திட்டினது எல்லாம் என்னைத் திட்டியிருக்கணும்."

ராஜம் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அதுக்கு இப்ப நாங்க இன்னா பண்ணணும்? மறுபடியும் வந்து பொண்ணு பாக்கணுமா?"

"வேணாம்மா" என்றார் ராஜப்பா. "எம்பொண்ணே வேணான்னுட்டா. நாங்க மறைக்கலைன்னு நீங்க தெரிஞ்சிக்கணும். அதுக்குத்தான் வந்தோம். வரோம்."

அவர் திரும்பியபோது ராஜத்தின் முகம் மாறிவிட்டது. "தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்றார். குரலில் பழைய சூடு இல்லை. ராஜப்பா நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். மனோகர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். பஸ் வந்து நின்றபோது, "உங்க பொண்ணுகிட்ட நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுங்க" என்றான். "அன்னிக்கே நீ சொல்லியிருந்தா அவளே கேட்டிருப்பாளே தம்பி" என்று சொல்லிவிட்டு ராஜப்பா ஏறிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் சிவராஜ் நேராகத் துளசிராமனிடம் போனான். எல்லாவற்றையும் சொன்னான். அவர் முதலில் கடைக் கதவை ஒருக்களித்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளியில விடாத. சங்கத்து பேரு கெட்டுப் போவும்."

"அமலாக்கா பேர்தாண்ணா கெட்டுப்போயிருக்கு."

"வரிசை பண்ணுன்னுதான் நான் சொன்னேன். படத்தை மாத்துன்னா சொன்னேன்?"

அது உண்மை. சிவராஜ் வாதாடவில்லை. அன்றே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், தப்பு தன்னுடையது, அமலாவோ ராஜப்பா குடும்பமோ ஒன்றும் செய்யவில்லை என்று தன் பெயர் போட்டு எழுதினான். எண்களைத் தான் ஏன் மாற்றினான் என்பதையும் எழுதினான். துளசிராமன் அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் நிறையப் பேர் படித்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு கடைத்தெருவில் அவனை டீக்கு அழைக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். மையத்தின் வேலையும் ஆண்டு விழாப் புத்தகமும் ராபர்ட்சன்பேட்டைப் பையனிடம் போயின. ராஜப்பா வழியில் பார்த்தால் தலையசைப்பார். நின்று பேசுவதில்லை. அடுத்த வருடம் மமதாவுக்குக் கோலாரில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள்.

அமலாவை அவன் பார்க்கப் போனது குடியாத்தம் போய்வந்த அந்த வாரமே. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் காத்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நினைத்தவன், பிறகு அவர்கள் இருக்கும்போதே பேசினான்.

"அக்கா, நான் எழுதினதைப் பார்த்தீங்களா?"

"எம்பொண்ணு காட்டினா."

"திரும்ப மையத்துக்குக் கூப்பிடச் சொல்லி துளசிராமண்ணாகிட்ட கேட்டிருக்கேன். அவர் ஒத்துக்கலைன்னாலும் வேற எங்கயாவது…"

"வேணாம் தம்பி. எனக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே." மிஷினிலிருந்து சூடாக வந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "அன்னிக்கி மாடியில ரெண்டு பேரும் உன் மூஞ்சியப் பாத்தோமே, அப்போ நீ சொல்லுவேன்னு நெனச்சேன். படியெறங்குற வரைக்கும் நெனச்சேன்."

சிவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பெண்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அமலா அவர்களிடம் காகிதங்களைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு கடைக்கு வெளியே நின்றிருந்த அடுத்த ஆளைப் பார்த்து, "வாங்க, உங்களுக்கு எத்தனை காப்பி?" என்று கேட்டாள்.

சிவராஜ் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.